வெயில் ஏறினால் பால் ஏன் நின்றுவிடுகிறது? உயிரணுவும் அதன் துலங்கலும்

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்த, எந்தப் பாட்டியைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: “வெயில் ஏறிட்டா பால் நின்னுடும்யா.” அதனால்தான் இருட்டோடு எழுந்து, பெரட்டுக்கு நின்று பேர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்கினார்கள். கங்காணியின் கண்டிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த நேரத்தை முடிவு செய்தது அவரும் இல்லை, துரையும் இல்லை. மரப்பட்டைக்குள் இருக்கும் உயிரணுக்கள்தான் முடிவு செய்தன.

இந்த ஊரில் படிவம் 4, 5 படிக்கும் பிள்ளைகளுக்கு நான் மாலை வேளைகளில் உயிரியல் சொல்லித் தருகிறேன். உயிரணுவுக்கு வரையறை கேட்டால் தடுமாறாமல் ஒப்பிப்பார்கள். சவ்வூடு பரவலுக்கும் ஒப்பிப்பார்கள். தாவரத் துலங்கல், மனிதரின் நரம்பு மண்டலம் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக விடை வைத்திருப்பார்கள். பாடநூலில் இவை வேறு வேறு அத்தியாயங்களாக இருப்பதால் பிள்ளைகளின் மனத்திலும் வேறு வேறாகவே தங்கிவிடுகின்றன. ஆனால் இவற்றுக்குள் ஒரே ஒரு செயல் திரும்பத் திரும்ப வருகிறது: ஒரு மெல்லிய சவ்வைக் கடந்து தண்ணீர் உள்ளே போவதும் வெளியே வருவதும். அதைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் தானாக விளங்கும். அதை விளக்க நம் ஊரில் பால் மரத்தைவிட நல்ல பாடப்பொருள் கிடையாது.

பட்டைக்குள் இருப்பவை

ரப்பர் மரத்தின் பட்டையை வெளியிலிருந்து உள்ளே பார்த்துக்கொண்டு போவோம். முதலில் வருவது சொரசொரப்பான தக்கை அடுக்கு. அதிலுள்ள உயிரணுக்கள் செத்தவை. உள்ளே ஒன்றும் கிடையாது, சுவர்கள் மட்டும் நிற்கின்றன. 1665இல் இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் என்பவர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து உலகுக்குச் சொன்னதும் ஒரு தக்கைச் சீவலைத்தான். அதில் தெரிந்த சின்னஞ்சிறு அறைகளுக்கு அவர்தான் ‘செல்’ என்று பெயர் வைத்தார். உயிருள்ள பொருள்களில் இதே அறைகளைக் கண்டு, தாவரங்கள் எல்லாம் உயிரணுக்களால் ஆனவை என்று 1838இல் ஷ்லைடனும், விலங்குகளும் அப்படியே என்று 1839இல் ஷ்வானும் சொன்னார்கள். ஓர் உயிரணு இன்னோர் உயிரணுவிலிருந்து மட்டுமே பிறக்கும் என்ற கருத்தை 1855இல் விர்ச்சோ நிலைநிறுத்தினார். உயிரணுக் கோட்பாடு என்று பாடநூல் சொல்வது இந்த மூன்றும் சேர்ந்ததுதான்.

தக்கையைத் தாண்டினால் ஈரமான, மென்மையான உள்பட்டை. பால் இருப்பது இங்கே. அதற்கும் உள்ளே, மரக்கட்டையைத் தொடும் இடத்தில், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. கேம்பியம் என்பார்கள். விர்ச்சோ சொன்னது இங்கே நாள்தோறும் நடக்கிறது. இதன் உயிரணுக்கள் பிரிந்து பிரிந்து, உள்பக்கம் புதிய கட்டையையும் வெளிப்பக்கம் புதிய பட்டையையும் உண்டாக்குகின்றன. கை தேர்ந்தவர்கள் உளியை ஓட்டும்போது இந்தப் படலத்துக்கு முன்னால் ஒரு மில்லிமீட்டர் அளவாவது பட்டையை விட்டுவைப்பார்கள். உளி ஆழமாக இறங்கிவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளரும், மறுபடி அங்கே கோடு போட முடியாது. ‘மரத்தைக் காயம் பண்ணாதே’ என்று கங்காணி கத்தியதற்கு இதுதான் காரணம்.

இந்தச் சிறிய விஷயத்தில் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. ரப்பர் நம் நாட்டு மரம் அன்று. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அந்தக் கன்றுகளில் சில 1877இல் சிங்கப்பூர் வழியாகக் கோலகங்சாருக்கு வந்து சேர்ந்தன. அன்று நட்டவற்றில் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. பக்கத்து ஊர்தான், போய்ப் பார்க்கலாம். ஆனால் மரம் வந்தவுடன் தொழில் வந்துவிடவில்லை. 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, கேம்பியத்தைத் தொடாமல் பட்டையை மெல்லிசாகச் சீவும் முறையைக் கண்டு காட்டினார். சீவிய பட்டை மறுபடி வளரும், அதே மரத்தை வருடக்கணக்கில் வெட்டலாம் என்று அதன் பிறகுதான் உறுதியானது. நம் முன்னோர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த தொழில், ஒரு மெல்லிய அடுக்கு உயிரணுக்களை உயிரோடு விட்டுவைப்பதில் நின்றது.

பால் என்பது எது

பாலை மரத்தின் சாறு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சாறு வேறு. வேர் உறிஞ்சிய நீர் மேலே ஏறும் குழாய்கள் கட்டைக்குள் இருக்கின்றன. இலை தயாரித்த சர்க்கரை இறங்கும் குழாய்கள் உள்பட்டையில் இருக்கின்றன. பால் இந்த இரண்டு வழியிலும் ஓடுவதில்லை. அதற்கென்று தனிக்குழாய்கள் உண்டு. வரிசையாக ஒட்டி நின்ற உயிரணுக்கள், தமக்கு நடுவில் இருந்த சுவர்கள் கரைந்து போய், ஒன்றோடொன்று திறந்துகொண்டு உண்டானவை அந்தக் குழாய்கள். ஆகவே மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், சொட்டுவது உயிரணுவின் உட்பொருளேதான்.

இதைக் கேட்டதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். எனக்கும் இந்த இடம் மிகப் பிடிக்கும். மற்ற உயிரணுக்களின் உட்பொருளைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். பால் மரம் அதை வாளிவாளியாகத் தருகிறது.

உயிரணுவுக்குள் நிறைந்திருக்கும் கூழ்ப்பொருளுக்குச் சைட்டோபிளாசம் என்று பெயர். அதைச் சுற்றி உயிரணுச் சவ்வு. உள்ளே எது வரலாம், எது வெளியே போகலாம் என்று தேர்ந்து விடுவது அந்தச் சவ்வுதான். தாவரம் என்றால் சவ்வுக்கு வெளியே கெட்டியான சுவர் ஒன்றும் இருக்கும். விலங்கு உயிரணுவுக்குச் சுவர் கிடையாது. இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும், மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சைட்டோபிளாசத்துக்குள் உட்கரு இருக்கிறது. எந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்பு ஏறக்குறைய முழுவதும் அதிலுள்ள டி.என்.ஏ.வில் இருக்கிறது. சர்க்கரையிலிருந்து சக்தியை எடுத்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் இருக்கின்றன. இலையின் உயிரணுவாக இருந்தால் வெயிலைப் பிடித்துச் சர்க்கரை செய்யும் பசுங்கணிகங்களும் இருக்கும். நீரையும் உப்பையும் சேர்த்து வைக்கும் நுண்குமிழிகளும் உண்டு.

புதிதாக இறங்கிய பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர், மிக நுண்ணிய துகள்களாக மிதக்கிறது. மீதி பெரும்பாலும் தண்ணீர், அதில் கொஞ்சம் சர்க்கரை, புரதம், உப்புகள். லூட்டாய்டு எனப்படும் சிறு பைகளும் அதில் மிதக்கின்றன. இந்தப் பைகளின் முக்கியமான வேலை ஒன்றைப் பிறகு பார்ப்போம். உட்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும் பாலோடு ஓடி வருவதில்லை. குழாயின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உள்ளேயே தங்கிவிடுகின்றன. குறிப்பும் சக்தியும் கையில் இருக்கின்றன, சர்க்கரை பக்கத்துக் குழாயிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. ஆகவே இழந்ததை உயிரணு மறுபடி செய்துகொள்கிறது. அதற்கு அவகாசம் வேண்டும் என்பதால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் வழக்கம் வந்தது. அவகாசம் கொடுக்காமல் தினம் வெட்டினால் மரம் காய்ந்துபோகும், கோடு போட்டாலும் பால் கசியாது.

தண்ணீரின் கணக்கு

இப்போது அந்த விடியற்காலைக் கேள்விக்கு வருவோம்.

மாங்காயை நறுக்கி உப்புப் போட்டுக் குலுக்கி வைத்தால் சற்று நேரத்தில் கிண்ணத்தில் தண்ணீர் சேர்ந்துவிடும். நாம் தண்ணீர் ஊற்றவில்லை. மாங்காயின் உயிரணுக்களுக்குள் இருந்த தண்ணீர் சவ்வைக் கடந்து, உப்பு அதிகமாக இருக்கும் வெளிப்பக்கம் வந்திருக்கிறது. கரைந்த பொருள் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும். சவ்வூடு பரவல் என்பது இவ்வளவுதான். காட்டு அட்டை காலில் ஏறினால் பெரியவர்கள் உப்பு வைப்பார்கள். அட்டையின் உடலிலிருந்து தண்ணீர் வெளியேறும், அது சுருண்டு விழும். அங்கேயும் இதே கணக்குதான்.

பால் குழாய்க்குள் சர்க்கரையும் உப்புகளும் கரைந்திருக்கின்றன. ஆகவே சுற்றிலும் இருக்கும் தண்ணீர் உள்ளே நுழையப் பார்க்கிறது. நுழைய நுழையக் குழாய் விம்முகிறது. கெட்டியான சுவர் இருப்பதால் வெடிப்பதில்லை, உள்ளே அழுத்தம் மட்டும் ஏறுகிறது. இதை விறைப்பு அழுத்தம் என்கிறோம். விடியற்காலையில் ரப்பர் மரத்தின் பால் குழாய்க்குள் இந்த அழுத்தம் 10 முதல் 15 வளிமண்டலம் வரை இருக்கும். காரின் டயருக்குள் நாம் அடிக்கும் காற்று சுமார் 2 வளிமண்டலம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். உளி பட்டதும் பால் பீறிட்டு வருவதில் வியப்பில்லை.

வெயில் ஏறினால் இலைகள் வேலையைத் தொடங்குகின்றன. இலையின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். ஒவ்வொரு துளையையும் இரண்டு காப்பு உயிரணுக்கள் காக்கின்றன. வெளிச்சம் பட்டதும் அவை பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். உப்பு போன வழியே தண்ணீரும் போகும். இரண்டும் விம்மி வளைய, நடுவில் துளை திறக்கும். கரியமில வாயு உள்ளே வருவதற்காகத் திறக்கும் அந்த வழியே நீராவி வெளியேறுகிறது. இலை இழந்த நீரை ஈடுகட்டக் கட்டையிலிருந்தும் பட்டையிலிருந்தும் தண்ணீர் இழுக்கப்படுகிறது. வேரால் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாது. பால் குழாயின் அழுத்தம் இறங்குகிறது, ஓட்டம் மெலிகிறது. இரவில் துளைகள் மூடிக்கொள்ள, வேர் மெல்ல மெல்ல நீரை நிரப்ப, மறுநாள் விடியும்போது குழாய்கள் மறுபடி விறைத்திருக்கும்.

ஆக, பாட்டி சொன்ன ஒரு வரிக்குள் பகலும் வெளிச்சமும் இலைத்துளையும் பொட்டாசியமும் தண்ணீரும் அடங்கியிருக்கின்றன. அவர் தம் கண்ணால் கண்டதைச் சொன்னார். காரணம் பட்டைக்குள் இருந்தது.

வறண்ட மாதங்களில் மரமே ஒரு முடிவு எடுக்கிறது. ஆண்டின் தொடக்கத்தில் மழை குறையும்போது ரப்பர் மரம் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டுப் பிறகு புதுத்தளிர் விடும். அந்த வாரங்களில் பால் குறைவதும் கைக்கு வரும் சம்பளம் குறைவதும் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஒற்றை உயிரணுவில் ஒரு முழு வாழ்க்கை

ஒரே மாதிரியான உயிரணுக்கள் சேர்ந்து திசு, திசுக்கள் சேர்ந்து உறுப்பு, உறுப்புகள் சேர்ந்து ஓர் உயிரினம் என்ற படிவரிசையைப் பிள்ளைகள் நன்றாகவே சொல்வார்கள், அதில் நிற்க வேண்டியதில்லை. மனித உடலில் ஏறக்குறைய 30 டிரில்லியன் உயிரணுக்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பகுதி இரத்தச் சிவப்பணுக்கள்.

ஆனால் ஒரே ஓர் உயிரணுவோடு வாழ்க்கை முழுவதையும் நடத்தும் உயிர்களை நாம் மறந்துவிடுகிறோம். மங்கில் மிஞ்சிய பால் அடுத்த நாளைக்குள் கட்டிப்பாலாகிறது, நாறுகிறது. யார் செய்த வேலை அது? பாக்டீரியாக்களின் வேலை. அவை பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளிவிடுகின்றன. அமிலம் சேரச் சேர ரப்பர் துகள்கள் திரண்டு கட்டியாகின்றன. புரதத்தைச் சிதைக்கும்போது எழுவதுதான் ஊரெல்லாம் அடிக்கும் அந்த வாடை. பாலைப் பாலாகவே வைத்திருக்க வேண்டுமென்றால் அமோனியா கலந்து பாக்டீரியாவை அடக்குவார்கள். ரப்பர் ஷீட் போட வேண்டுமென்றால், பாலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஸ்டோரில் பார்மிக் அமிலம் ஊற்றி, பாக்டீரியா மெல்லச் செய்வதை விரைவாகச் செய்துகொள்வார்கள்.

பாக்டீரியாவுக்கு உட்கரு கிடையாது, டி.என்.ஏ. சைட்டோபிளாசத்திலேயே கிடக்கும். மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. ஆனாலும் உண்ணுகிறது, கழிக்கிறது, பெருகுகிறது. சர்க்கரை எந்தப் பக்கம் அதிகம் என்று உணர்ந்து அந்தப் பக்கம் நீந்தவும் பல வகைப் பாக்டீரியாக்களால் முடியும். மூளை இல்லை, நரம்பு இல்லை. சவ்வில் பதிந்த சில புரதங்கள் மட்டும் வெளியிலிருப்பதை உணர்ந்து உள்ளே சேதி சொல்கின்றன. உணர்வதும் அதற்கேற்ப நடப்பதும் உயிரின் மிகப் பழைய குணம். நரம்பெல்லாம் அதற்கு வெகுகாலம் கழித்து வந்தவை.

துலங்கல் எது, துலங்கல் அல்லாதது எது

வெளியிலோ உள்ளேயோ ஏற்படும் மாற்றம் தூண்டல். அதற்கு உயிர் காட்டும் பதில் துலங்கல். வரையறை எளிது. ஆனால் அசைவதெல்லாம் துலங்கல் ஆகிவிடாது.

ரப்பர்க் காய் வெயிலில் ‘டப்’பென்று வெடித்துக் கொட்டைகளைப் பல மீட்டர் தூரம் எறிவதைத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். அந்தக் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்திலிருப்பவன் கையில் வைக்காத பிள்ளையும் இருந்திருக்க முடியாது. பார்ப்பதற்கு மரமே எறிவதாகத் தோன்றும். உண்மையில் அது முற்றிக் காய்ந்த கெட்டியான தோட்டின் வேலை. அதன் அடுக்குகள் காயும்போது வெவ்வேறு திசையில் சுருங்குவதால் இறுக்கம் ஏறி வெடிக்கிறது. அந்த உயிரணுக்கள் செத்தவை. எதையும் உணர்ந்து பதில் சொல்லும் நிலையில் அவை இல்லை.

இதோடு தொட்டாற்சிணுங்கியை வைத்துப் பாருங்கள். நிரைக்கு நடுவிலும் பள்ளித் திடலின் ஓரத்திலும் அது படர்ந்து கிடக்கும். விரல் பட்டதும் சிற்றிலைகள் ஒவ்வொரு சோடியாக மூடிக்கொண்டு போகும், பிறகு காம்பே தொங்கிவிடும். இங்கே உயிருள்ள உயிரணுக்கள் வேலை செய்கின்றன. தொடுதலை உணர்ந்ததும் ஒரு மின் சேதி இலை வழியே ஓடுகிறது. இலைக்காம்பின் அடியிலும் ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் இருக்கும் சிறு வீக்கத்தில் அந்தச் சேதி போய்ச் சேர்கிறது. அந்த வீக்கத்தின் ஒரு பக்கத்து உயிரணுக்கள் பொட்டாசியத்தை வெளியே விட்டுவிடுகின்றன. பின்னாலேயே தண்ணீரும் வெளியேறுகிறது. ஒரு பக்கம் தொய்ய, மறுபக்கம் விறைத்து நிற்க, இலை மடங்குகிறது. தொந்தரவு செய்யாமல் விட்டால் பொட்டாசியத்தை மெல்லத் திரும்ப இழுத்து, தண்ணீரையும் இழுத்து, சில நிமிடங்களில் விரிந்துகொள்ளும். தசை ஒன்றுகூட இல்லாத உடம்பு தண்ணீரை இடம் மாற்றியே இவ்வளவும் செய்கிறது. தாவரத்துக்குள் மின் சேதி ஓடுவதை அளந்து காட்ட வாழ்நாள் எல்லாம் உழைத்தவர்களில் வங்காளத்து அறிவியலாளர் ஜகதீச சந்திர போஸ் முக்கியமானவர்.

தைப்பிங் ஏரிப் பூங்காவில் தண்ணீரின் மேல் வளைந்து நிற்கும் பெரிய தூங்குமூஞ்சி மரங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தி சாயும்போது அவற்றின் இலைகள் மடங்கிவிடும். மழை மூட்டத்திலும் மடங்கும். அங்கேயும் காம்படியில் இதே வீக்கம், இதே பொட்டாசியம், இதே தண்ணீர். இருட்டு வந்ததால்தான் மடங்குகிறதா? 1729இல் பிரான்சில் தெ மேரான் என்பவர் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டுக்குள் பூட்டி வைத்தார். வெளிச்சமே படாத இடத்திலும் அது பகல் நேரத்தில் இலையை விரித்தது, இரவு நேரத்தில் மடித்தது. வெளியே இருக்கும் தூண்டலோடு, உயிரணுக்களுக்குள் ஓடும் ஒரு கடிகாரமும் சேர்ந்துதான் இலையை அசைக்கிறது என்பதற்கு முதல் சான்று அது. நம் உறக்கத்தையும் விழிப்பையும் நடத்துவது அப்படிப்பட்ட ஒரு கடிகாரம்தான். விடுமுறை நாளிலும் நாலு மணிக்கே விழித்துக்கொள்ளும் பாட்டிகளுக்கு இது புதுச் செய்தியாக இராது.

சில துலங்கல்களுக்கு மணிக்கணக்கும் நாள்கணக்கும் ஆகும். செம்பனை நாற்றுப் பை ஒன்று சாய்ந்து விழுந்து அப்படியே கிடந்தால் தண்டு மேல்நோக்கியும் வேர் கீழ்நோக்கியும் வளைந்துவிடும். வேர் நுனியிலுள்ள சில உயிரணுக்களுக்குள் மாவுமணிகள் இருக்கின்றன. செடி சாய்ந்தால் அவை உயிரணுவின் புதிய அடிப்பக்கத்துக்கு உருண்டு விழும், கீழே எது என்று செடிக்கு அதனால் தெரியும். உடனே ஆக்சின் என்னும் ஹார்மோன் அடிப்பக்கம் கூடுதலாகச் சேர்கிறது. தண்டில் அது உயிரணுச் சுவரை நெகிழ்த்துகிறது. நெகிழ்ந்த சுவரை உள்ளிருக்கும் தண்ணீர் தள்ள, உயிரணு நீள்கிறது. அடிப்பக்கம் நீண்டால் தண்டு மேலே வளையும். வேரில் அதே ஆக்சின் வளர்ச்சியைத் தடுப்பதால் வேர் கீழே வளையும். ஒரே ஹார்மோன் இரண்டு இடத்தில் நேர் எதிரான விளைவைத் தருவது பிள்ளைகளைக் குழப்பும் இடம். சேதி ஒன்றுதான், அதைப் படிக்கும் உயிரணு வேறு என்று சொன்னால் விளங்கிக்கொள்வார்கள்.

உளி கையில் பட்டால்

வெட்டும்போது உளி தவறிக் கையில் பட்டதுண்டு. மரத்துக்கு ஒரு காயம், மனிதருக்கு ஒரு காயம். இரண்டு உடம்பும் எப்படிப் பதில் சொல்கின்றன?

கை முதலில் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். வலி தெரிவதற்கு முன்பே இழுத்துக்கொள்ளும். தோலிலுள்ள உணர்வு நரம்பணு முதுகுத் தண்டுவடத்துக்குச் சேதி அனுப்ப, அங்கிருந்தே இயக்க நரம்பணு தசைக்குக் கட்டளை தருகிறது. மூளைக்குச் செய்தி போய்ச் சேர்ந்து ‘ஐயோ’ என்று வாய் சொல்வதற்குள் கை நகர்ந்திருக்கும். இதுதான் மறிவினை. நரம்பணுவும் ஓர் உயிரணுதான், நீளத்தில்தான் வியப்பு. முதுகுத்தண்டின் அடியிலிருந்து கால் விரல் நுனி வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளும் ஒற்றை உயிரணுக்கள் நம் உடம்பில் இருக்கின்றன. சேதி ஓடும் முறை தொட்டாற்சிணுங்கியில் பார்த்ததற்கு உறவானது. சவ்வின் கதவுகள் திறக்க, சோடியமும் பொட்டாசியமும் இடம் மாற, மின்மாற்றம் சவ்வின் வழியே ஓடுகிறது.

பிறகு இரத்தம் நிற்க வேண்டும். தட்டணுக்கள் என்னும் சிறு துண்டுகள் காயத்தில் ஒட்டி, உள்ளிருக்கும் பொருள்களை வெளிவிடும். இரத்தத்தில் கரைந்திருந்த புரதம் நூல் நூலாகித் திரையிட, வழி அடைபடும். மரத்திலோ, முன்பு சொன்ன லூட்டாய்டுப் பைகள் வெட்டுவாயில் வெடிக்கின்றன. அவற்றுக்குள் இருந்த உப்புகளும் ஹெவைன் என்னும் புரதமும் வெளியே வந்து ரப்பர் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கின்றன. துகள்கள் குழாய்வாயை அடைக்க, பால் நிற்கிறது. கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பால் இந்த அடைப்பின் மிச்சம். மரத்துக்கும் மனிதருக்கும் பொதுவான மூதாதை நூறு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அவ்வளவு விலகிய இரண்டு உயிர்களும், மிதந்துகொண்டிருக்கும் சிறு பைகளை உடைத்து ஓட்டையை அடைப்பது என்ற ஒரே வழிக்குத் தனித்தனியாக வந்து சேர்ந்திருக்கின்றன. உயிரியலில் என்னை இவ்வளவு அசர வைக்கும் செய்தி வேறு இல்லை.

இந்த அடைப்பைத் தள்ளிப்போடவும் மனிதர் வழி கண்டிருக்கிறார்கள். பட்டையில் தடவும் எத்தபான் மருந்து எத்திலீன் வாயுவை வெளிவிடும். வாழைக்காயைப் பழுக்க வைக்கும் அதே தாவர ஹார்மோன்தான். அது பட்டதும் அடைப்பு தாமதமாகும், பால் நெடுநேரம் ஓடும். அளவு மீறினால் மரம் காய்ந்துபோகும். அட்டையும் இதே தந்திரத்தை நம்மிடம் காட்டுகிறது. அதன் எச்சிலிலுள்ள ஹிருடின் போன்ற பொருள் இரத்தம் உறைவதைத் தடுக்கும். அட்டையை எடுத்த பிறகும் கடிவாயிலிருந்து இரத்தம் ஒழுகிக்கொண்டே இருப்பது அதனால்தான்.

வாளியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் ஸ்டோருக்கு நடப்பவருக்கு வியர்வை கொட்டும். வியர்வையில் உப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம் போகிறது. ஆகவே மிஞ்சும் இரத்தத்தில் உப்பின் செறிவு கூடும். மூளையின் அடிப்பகுதியிலுள்ள சில உயிரணுக்கள் இதைக் கண்காணிக்கின்றன. எப்படி? இரத்தம் செறிவானால் சவ்வூடு பரவலால் அவற்றுக்குள்ளிருந்து தண்ணீர் வெளியேறும், அவை சுருங்கும். அந்தச் சுருக்கமே சேதி. தாகம் எடுக்கிறது. கூடவே வாசோபிரெசின் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போய், அங்குள்ள உயிரணுக்களின் சவ்வில் நீர்வழிகளைக் கூடுதலாகப் பொருத்தச் சொல்கிறது. தண்ணீர் உடம்புக்கே திரும்ப, சிறுநீர் அளவில் குறைந்து மஞ்சளாக வரும். சவ்விலுள்ள இந்த நீர்வழிப் புரதங்களைக் கண்டறிந்ததற்காகப் பீட்டர் ஆக்ருக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. விலங்கு உயிரணுவுக்குச் சுவர் இல்லை என்று முன்பே சொன்னேன். தண்ணீர் மிகுந்தால் அது வெடிக்கும், குறைந்தால் சுருங்கிப் போகும். அதனால்தான் இரத்தத்தின் செறிவை நம் உடம்பு இவ்வளவு கவனமாகக் காக்கிறது.

கண்ணால் பார்க்க

இதில் எதையும் என் வாய்ச்சொல்லுக்காக நம்ப வேண்டாம். பள்ளியில் ஒரு நுண்ணோக்கி இருந்தால் போதும். தோல் ஊதா நிறமாக இருக்கும் பெரிய வெங்காயம் ஒன்றை எடுத்து, நிறமுள்ள மெல்லிய தோலைச் சிறு துண்டாக உரித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். செங்கல் அடுக்கிய வரிசையில் உயிரணுக்கள் தெரியும். ஒவ்வொன்றிலும் ஊதா நிறம் சுவர் வரை நிறைந்திருக்கும். இப்போது ஓரத்தில் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, எதிர்ப்பக்கத்தில் காகிதத்தை வைத்து உறிஞ்சுங்கள். சில நிமிடங்களில் சவ்வு சுவரை விட்டு விலகி, நிறம் நடுவில் ஒடுங்கிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். சுவர் நின்ற இடத்திலேயே நிற்கும்.

பிறகு அதே முறையில் நல்ல தண்ணீரை விடுங்கள். ஒடுங்கிய நிறம் மறுபடி விரிந்து சுவரைத் தொடும். திரும்பாத உயிரணுக்களும் சில இருக்கும். அவற்றின் சவ்வு கெட்டுவிட்டது, இனி அவற்றால் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாது. உப்பைக் கூட்டியும் குறைத்தும், எந்த அளவுக்கு மேல் போனால் உயிரணுக்கள் திரும்புவதில்லை என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த வகுப்பை அந்தக் குறிப்பிலிருந்து தொடங்கலாம்.